பொழிமுகத்தில் எங்கள் முதல் தீயணைப்புப் படகு

அழைப்பு வந்தபோது மதியச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தோம். பூவாரில், நெய்யாறு கடலில் சேரும் பொழிமுகத்துக்குப் பக்கத்தில், தண்ணீரில் மிதக்கும் விடுதிக் குடில் ஒன்றில் தீ. சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு ஓடினோம்.

நான் தீயணைப்புத் துறையில் டிரைவர். வண்டியை ஓட்டிப் போவது, போய்ச் சேர்ந்ததும் அதன் பம்பை இயக்குவது, இரண்டும் என் வேலை. சொந்த ஊர் கொல்லயில் என்ற கேரள எல்லைக் கிராமம். வீட்டில் பேசுவது எங்கள் எல்லைப்பக்கத் தமிழ், அதில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர்; நிலையத்தில் எழுதுவதும் பேசுவதும் மலையாளம். அதுவரை பத்தொன்பது வருடம் வேலை பார்த்திருந்தேன். ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைப்புரையில் தீ, வைக்கோல் படப்பில் தீ, கிணற்றில் விழுந்த பசு, சாலையில் சாய்ந்த மரம் என்று எங்கள் பக்கத்து ஆபத்துகள் பெரும்பாலும் எனக்குப் பழகியிருந்தன. எங்கே போனாலும் வண்டி போகும் தூரம்வரை கொண்டுபோய் நிறுத்துவேன். மீதியை ஹோஸ் பார்த்துக்கொள்ளும்.

அன்று வண்டி படகுத்துறையோடு நின்றுவிட்டது. அதற்குமேல் சாலை இல்லை. ஆற்றின் அந்தப் பக்கம், கண்டல் செடிகளை ஒட்டி, குடில் எரிந்துகொண்டிருந்தது. சமையல் பகுதியில் எரிவாயு சிலிண்டர் வெடித்திருக்கிறது. எங்களிடம் இருந்த ஹோஸ் அத்தனையையும் ஒன்றோடொன்று மாட்டினாலும் பாதித் தூரம்கூட எட்டாது. எங்களை அக்கரைக்குக் கொண்டுபோகப் படகு தேடினோம். இருந்த படகுகளெல்லாம் சுற்றுலாப் பயணிகளோடு உள்ளே போயிருந்தன. வண்டித் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. எதிரே ஆறு நிறையத் தண்ணீர் இருந்தது. நான் பம்பின் பக்கத்தில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

கரையில் நின்ற ஒரு பெரியவர், எங்களைப் பார்த்துக்கூட அல்ல, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "சுத்தியும் வெள்ளம் கெடக்கு. ஒரு செம்பு கோரி ஊத்த வழியில்ல."

அப்போது புகைக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. சுற்றுலாப் படகுதான். பின்னால் எஞ்சினைப் பிடித்திருந்தவள் ஒரு பெண். சுடிதாருக்குமேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை அணிந்திருந்தாள். புருவம் இரண்டும் பொசுங்கியிருந்தன. படகின் நடுவே விருந்தினர் இருவர் ஒருவரையொருவர் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காலடியில் விடுதியின் சமையல்காரர் கிடந்தார். இரண்டு கைகளும் வெந்திருந்தன. படகைத் துறையில் ஒட்டியதும் அவள் என்னிடம் சொன்னாள்:

"இனி அங்க ஆளில்ல சாறே. நான் ரெண்டு மட்டம் சுத்திப் பாத்துட்டுத்தான் வாறேன்."

எங்கள் வேலையை அவள் செய்து முடித்து, எங்களிடம் அறிக்கை கொடுப்பதுபோல இருந்தது. சமையல்காரரைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினோம். குடில் தண்ணீர் மட்டம்வரை எரிந்து தானாக அணைந்தது.

சமையல்காரரைக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் மனைவி அங்கேதான் நர்ஸ். அவரைச் சேர்த்த வார்டில்தான் அவளுக்கு வேலை. அவர் எப்படி இருக்கிறார் என்று தினமும் கேட்பேன். பிழைத்துக்கொள்வார், விரல்கள்தான் பழையபடி மடங்குமா தெரியவில்லை என்றாள். பாறசாலைக்கு அப்பால் வீடு, இரண்டு பெண்பிள்ளைகள் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் உடை மாற்றாமல் அடுக்களை வாசலில் நின்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"வெள்ளத்துல குதிச்சு, குடிலுக்க தூணைப் பிடிச்சுக்கிட்டு கெடந்தாராம். அப்ப உங்க வண்டிக்க சைரன் கேட்டுதாம். வந்துட்டாங்க, இனி பேடிக்காண்டாம்னு நெனச்சாராம்."

சைரனை அடித்தவன் நான். அடித்துக்கொண்டு வந்து, அவருக்கு ஒன்றும் செய்ய முடியாத தூரத்தில் நிறுத்தியிருக்கிறேன். இன்னொரு தடவை இப்படி நிற்கக்கூடாது என்று அன்று முடிவு செய்தேன். கோபமாகவோ சபதமாகவோ இல்லை. பஞ்சரான டயரைக் கழற்றியே ஆகவேண்டும் என்பதுபோல ஒரு முடிவு.

பயிற்சிக் காலத்தில் துறைமுகத் தீயணைப்புப் படகுகளைப் பற்றி அரைப்பக்கம் படித்திருக்கிறேன். பெரிய துறைமுகங்களில் கப்பல் மாதிரியான படகுகள் இருக்கும், கடல் தண்ணீரையே உறிஞ்சி அடிக்கும் என்று படத்தோடு போட்டிருந்தது. அவற்றின் ஆரம்பத்தைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. முதன்முதலில் சாதாரணப் படகில் கைப்பம்பை ஏற்றி வைத்துத்தான் தொடங்கினார்களாம். அந்தப் படகை யாரும் அதற்கென்று கட்டவில்லை. கிடைத்த படகு, கிடைத்த பம்பு. தேர்வுக்காகப் படித்து மறந்துபோன அந்த வரி இப்போது திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. எங்களிடமும் ஒரு பம்பு இருந்தது. வெள்ளம் புகுந்த வீடுகளில் தண்ணீர் இறைக்கவும், வண்டி போகாத தோட்டங்களில் குளத்திலிருந்து தண்ணீர் எடுக்கவும் பயன்படும், இரண்டு பேர் தூக்கக்கூடிய பம்பு.

நிலைய அதிகாரி வடக்கே வேறு ஜில்லாக்காரர். பேச்சில் நிதானம், எழுத்தில் அதைவிட நிதானம். அவர் ஏற்கெனவே மேலிடத்துக்கு ஒரு படகு வேண்டும் என்று எழுதியிருந்தார். அது வரும்போது வரட்டும், அதுவரை இந்தப் பம்பைப் படகில் ஏற்றிப் பார்க்கிறேன் என்றேன். படகு கவிழ்ந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். நீந்துவேன் என்றேன். பம்பு நீந்துமா என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, பயிற்சி என்ற பெயரில் அனுமதி வாங்கியிருப்பதாகச் சொன்னார். பம்பைப் படகோடு கட்ட வேண்டும், எல்லோரும் மிதவைச் சட்டை அணிய வேண்டும், படகோட்டி எங்கள் தன்னார்வலர் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

படகோட்டி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படகுத்துறைக்குப் போய் அவளைத் தேடினேன். எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டுக் கடற்கரையில் பிறந்து பூவாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவர் ஆழ்கடலுக்குப் போகிறவர், வீட்டில் இருப்பதைவிடக் கடலில் இருப்பது அதிகம். அவள் உரிமம் எடுத்துச் சொந்தமாகப் படகு ஓட்டுகிறாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்று பேச்சில் தெரிந்ததும் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவள் இன்றுவரை என்னைச் சாறே என்றுதான் அழைக்கிறாள், ஒருமுறையைத் தவிர.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். சுற்றுலாக்காரர்கள் வராத காலை நேரங்களில் வரலாம் என்றாள். தன் படகில் ஓட்டை போடக்கூடாது, கட்டுவதெல்லாம் கயிற்றால்தான் கட்ட வேண்டும் என்றாள். எங்கள் பயிற்சிக்கு வந்து முதலுதவியும் கயிறு முடிச்சும் கற்றாள். முடிச்சு வகுப்பில் எங்கள் ஆட்கள் அவளிடம் கற்றது அதிகம்.

முதல் பரிசோதனையை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது. பம்பைப் படகின் நடுவில் கட்டினோம். உறிஞ்சுகுழாயை ஆற்றில் இறக்கினோம். நான் முன்னால் நின்று, பிராஞ்ச் என்று நாங்கள் சொல்லும் பித்தளைக் குழல்முனையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் பீறிட்டு வந்தது. வந்த வேகத்தில் படகு பின்னால் போய், அப்படியே ஒரு சுற்றுச் சுற்றியது. தரையில் நின்று பிடிக்கும்போது அந்த உதைப்பைக் காலை ஊன்றித் தாங்கிக்கொள்ளலாம். படகில் ஊன்ற என்ன இருக்கிறது? நான் ஆற்றில் விழுந்தேன். குழல்முனை பாம்பு மாதிரி துள்ளித் துறையில் நின்றவர்களையெல்லாம் நனைத்தது. அவர்கள் சிரித்ததில் தப்பில்லை. மறுநாள் நிலையத்தில் என்னைக் கப்பல்படைத் தளபதி என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் பல மாதம் நீடித்தது.

இரண்டாம் தடவை சின்ன முனை மாட்டி, வால்வை மெல்லத் திறந்தோம். சுற்றவில்லை. ஆனால் சில நிமிடத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. உறிஞ்சுகுழாயின் வலையில் குளவாழை என்கிற ஆகாயத்தாமரை அடைத்துப் பஞ்சுமாதிரி இருந்தது. மூங்கில் கூடை ஒன்றைக் குழாய் முனையில் கட்டினோம். மீன் போடுகிற பழைய கூடை. அது வேலை செய்தது. மூன்றாம் தடவை முன்னும் பின்னும் நங்கூரம் போட்டோம். படகு நின்றது, தண்ணீரும் எட்டியது. ஆனால் எரிகிற இடம் நகர்ந்தால் நங்கூரத்தைத் தூக்கி, போய், மறுபடி போட வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பொழிமுகத்து மணலில் நங்கூரம் சரியாகப் பிடிப்பதும் இல்லை.

அன்று நான் சோர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பம்பை நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தேன். உப்புத் தண்ணீர் ஓடிய பம்பை உடனே கழுவாவிட்டால் உள்ளே அரித்துவிடும். அவள் படகின் பின்பக்கத்தில் எஞ்சினில் கைவைத்தபடி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"வள்ளத்தைப் பிடிச்சு நிறுத்தணும்னு நீங்க பாக்குதீங்க. நிறுத்தாண்டாம் சாறே. உங்க வெள்ளம் பின்னால தள்ளுகு. நான் எஞ்சினை வச்சு முன்னால தள்ளுகேன். ரெண்டும் ஒத்துப்போனா வள்ளம் கெடந்த எடத்தவிட்டு அனங்காது."

கழுவுவதை விட்டுவிட்டு மறுபடி படகில் ஏறினோம். நான் வால்வைத் திறக்கத் திறக்க அவள் எஞ்சினைக் கூட்டினாள். முதலில் முன்னால் பாய்ந்தோம், பிறகு பின்னால் போனோம். நாலைந்து தடவைக்குப் பிறகு ஒரு கணம் படகு இருந்த இடத்திலேயே நின்றது. எங்கள் தண்ணீர் நேராகப் போய் நாங்கள் குறிவைத்த காய்ந்த தென்னை மட்டையில் விழுந்தது. அவள் என் முதுகைப் பார்த்தே வேகத்தைக் கணக்கிட்டாள். நான் பின்னால் சாய்ந்தால் உதைப்பு கூடுகிறது என்று அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து மூன்று மாதம், வாரத்துக்கு ஒரு காலை, மழை பெய்தாலும் போனோம். இடது பக்கம் அடிப்பது, வலது பக்கம் அடிப்பது, ஓடிக்கொண்டே அடிப்பது என்று ஒவ்வொன்றாகப் பழகினோம். அதிகாரி ஒருநாள் கரையில் நின்று முழுவதும் பார்த்தார். பாராட்டவில்லை. பம்பைக் கட்டியிருந்த கயிறு தேய்ந்திருக்கிறது, மாற்றுங்கள் என்றார்.

சமையல்காரர் அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பார்க்கப் போனேன். சாயா கொண்டுவரச் சொல்லி, இரண்டு உள்ளங்கைகளாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். படகைப் பற்றிச் சொன்னேன். விரலை மடக்கும் பயிற்சியைத் தினமும் நூறு தடவை செய்வதாக அவர் சொன்னார்.

பிறகு ஒரு வேலைநாள் காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. பொழிக்கு உட்பக்கம், மணல்திட்டை ஒட்டி மீன்பிடி வள்ளங்கள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் இடம். ஒரு வள்ளத்தில் எஞ்சினைப் பழுது பார்க்கும்போது தீப்பிடித்திருக்கிறது.

"காத்து அடிக்கு சாறே. நான் வள்ளத்தைத் துறைக்குக் கொண்டு வாறேன். நீங்க பம்போட வாங்க."

அதிகாரியிடம் சொன்னேன். போ என்று கையைக் காட்டினார், பின்னால் ஜீப்பில் அவரும் வந்தார். துறையில் படகு தயாராக நின்றது. பம்பை ஏற்றிக் கட்டுவதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகியிருந்தோம். என்னோடு சக ஊழியர் ஒருவர் கோடரியோடு ஏறினார். தளபதி என்ற பெயரை எனக்கு வைத்தவர் அவர்தான்.

அங்கே போனபோது ஆறு வள்ளங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. காற்று வரும் பக்கத்து ஓரத்தில் இருந்த வள்ளம் எரிந்துகொண்டிருந்தது. காற்று அடுத்ததன்மேல் தீயைத் தள்ளியது. நைலான் வலைகள் உருகி வழிந்தன. மண்ணெண்ணெய்க் கேன்களோடு சிலர் தண்ணீரில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். பம்பின் கயிற்றை இழுத்தேன். எடுக்கவில்லை. மறுபடி இழுத்தேன். எடுக்கவில்லை. பிளக்கைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து மாட்டினேன். மூன்றாவது இழுப்பில் பம்பு பிடித்தது.

குழல்முனையை எரிகிற வள்ளத்தின்மேல் திருப்பினேன். அங்கேதான் தீ இருந்தது, அங்கேதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது:

"எலே, எரியுறதை விடு. அது போச்சு. அடுத்ததை நனை."

அவள் சொன்னது சரி என்று எனக்கும் தெரியும். பாடத்தில் படித்ததுதான். ஆனால் எரிகிற வள்ளத்தின் சொந்தக்காரர் மணல்திட்டின் ஓரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவர் அவளுடைய கணவரின் தம்பி என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் முனையைத் திருப்பி அடுத்த வள்ளத்தை நனைக்கத் தொடங்கியதும் அவர் அவள் பெயரைச் சொல்லித் திட்டினார். எரிவது தன்னுடையது, ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறாயே என்று கேட்டார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எஞ்சினைக் கூட்டியும் குறைத்தும் படகை வைத்த இடத்தில் வைத்திருந்தாள். என் முதுகில் அவள் பார்வை இருப்பதை உணர்ந்தேன்.

இரண்டாவது வள்ளத்தின் பலகையில் பற்றியிருந்த தீ அணைந்தது. பிறகு இரண்டுக்கும் நடுவே தண்ணீர்த்திரை மாதிரி அடித்துக்கொண்டே நெருங்கிப் போனோம். என் சக ஊழியர் குனிந்து, கட்டியிருந்த கயிற்றைக் கோடரியால் வெட்டினார். நான் எரிகிற வள்ளத்தின் பக்கவாட்டில் முழு வேகத்தில் அடித்தேன். தண்ணீரின் வேகத்திலேயே அது வரிசையைவிட்டு விலகி, வெற்று மணல்திட்டில் போய் முட்டி நின்றது. அங்கே அதை அணைத்தோம். மிஞ்சியது எஞ்சின் கூடும் பாதிப் பக்கமும்தான். மற்ற ஐந்து வள்ளங்களும் தப்பின.

கரைக்கு வந்ததும் ஆட்கள் என் கையைப் பிடித்தார்கள். யாரோ இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அவள் படகைவிட்டு இறங்கவில்லை. கொழுந்தன் எரிந்த வள்ளத்தின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தார். நான் அவளிடம் போய், தண்ணீரை முதலிலேயே அங்கே அடித்திருந்தால் தீ அணைந்திருக்குமோ என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனாலும் கேட்டேன்.

"இல்ல சாறே," என்றாள். மணல்பக்கம் பார்த்தபடி, "அவனுக்கும் அது தெரியும். தெரிஞ்சாலும் வலிக்காம இருக்குமா?" என்றாள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குக் கொழுந்தன் அவள் வீட்டுக்கு வரவில்லை. கடலிலிருந்து திரும்பிய கணவர் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாராம். பயிற்சிக்கு அவள் ஒரு வாரமும் தவறவில்லை. அந்தப் பிணக்கைப் பற்றி நான் கேட்பதை நிறுத்தினேன். கொழுந்தன் வேறொரு வள்ளத்தில் பங்கு சேர்ந்து கடலுக்குப் போகத் தொடங்கினார். ஈஸ்டருக்குப் பிறகு ஒரு காலை, நாங்கள் பம்பைக் கழுவிக்கொண்டிருக்கும்போது துறைக்கு வந்து, கட்டுக்கயிறு ஒன்று இருக்குமா என்று அண்ணியிடம் கேட்டார். அவள் எழுந்து, புதுக்கயிறாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். மாலையில் கொண்டு தாறேன் என்றார். செரி என்றாள். அவ்வளவுதான்.

வள்ளங்கள் எரிந்த அன்றைக்கு அதிகாரி எழுதிய அறிக்கை நான்கு பக்கம். பம்பு எத்தனை இழுப்பில் பிடித்தது என்பதைக்கூட எழுதியிருந்தார். என்னிடம் படிக்கக் கொடுத்தபோது, இதை எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டேன். எழுதினால்தான் நல்ல பம்பு கேட்க முடியும் என்றார். அவர் மாற்றலாகிப் போகிறவரை, மாதம் ஒருமுறை அதே கோரிக்கையை வேறு வேறு வார்த்தையில் மேலிடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் போன பிறகு வந்தவரிடம் அந்தக் கோப்பை நானே கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

இந்த வருடம் படகு வந்தது. சிவப்பு நிறம், இரட்டை எஞ்சின், நடுவில் நிரந்தரமாகப் பொருத்திய பம்பு. தண்ணீரில் இறக்கும்போது ஊர்க்கூட்டமே நின்றது. அக்காவும் வந்திருந்தாள். படகு ஓட்டத் தீயணைப்புத் துறையிலிருந்தே ஆள் போட்டிருக்கிறார்கள். அவனுக்கு இந்த ஆற்றைப் பழக்கிக்கொடுக்கும் பொறுப்பை அவளிடம் கேட்டிருந்தோம்.

முதல் ஓட்டத்திலேயே எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்று தெரிந்துவிட்டது. பம்பை மிக உயரமாக வைத்திருக்கிறார்கள். முழு வேகத்தில் பக்கவாட்டில் அடித்தால் படகு சரிகிறது. அவள் எஞ்சினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பம்பைத் தாங்கும் சட்டத்தை ஒரு முழம் இறக்க வேண்டும் என்று நான் சொன்னேன். ஒரு முழம் போதாது, ஒன்றரை வேண்டும் என்றாள். கரையில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் டேப்பைப் பிடித்து அளந்தோம்.

அளவுகளோடு படம் வரைந்து அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டேன். அனுமதி இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி கேட்கப் போகிறேன்.